மணிக்கட்டில் ஒரு தராசு

சாந்தோரியோ சாந்தோரியோ என்ற இத்தாலிய மருத்துவர் சாப்பிட உட்காரும் நாற்காலி தரையில் நிற்கவில்லை. உத்தரத்தோடு பிணைத்த பெரிய தூக்குக்கோல் ஒன்றின் முனையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நம் பழைய சந்தைகளில் இருந்த வெள்ளிக்கோலைப் பல மடங்கு பெரிதாக்கி, தட்டு இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலியைக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. 1561இல் பிறந்த இவர் 1611 முதல் 1624 வரை பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். உண்பதையும் குடிப்பதையும் எடை போட்டார். உடலிலிருந்து வெளியேறுவதையும் எடை போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தன்னையும் எடை போட்டுக்கொண்டார். ஒரு வாரம் ஒரு மாதம் அல்ல, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இதைச் செய்ததாகச் சொல்கிறார்கள்.

1614இல் அவர் முடிவுகள் சூத்திரங்கள் போன்ற குறுவாக்கியங்களாக ஒரு லத்தீன் நூலில் வெளிவந்தன. அதில் புகழ்பெற்ற கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் ஒரு நாளில் எட்டு பவுண்டு உண்டு குடித்தால், அதில் சுமார் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாத ஆவியாக உடலைவிட்டுப் போய்விடுகிறது. தோலும் மூச்சும் சத்தமில்லாமல் செய்யும் இந்த வேலையை அதற்கு முன் யாரும் எண்ணில் பிடித்துக் காட்டியதில்லை.

எனக்கு அந்த நாற்காலியில் பிடித்தது வேறொரு விஷயம். எவ்வளவு சாப்பிடலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்து எதிர்முனையில் எடையை நிறுத்தி வைத்துவிடலாம். அந்த அளவு வயிற்றுக்குள் போனதும் நாற்காலி மெல்லக் கீழே இறங்கும். ‘போதும், எழுந்திரு’ என்று அர்த்தம். இன்று ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் ஒரு நடுக்கம் வருகிறதே, அதற்கு நானூறு வருஷத்து மூத்த அண்ணன் இது.

நாடித்துடிப்பை அளக்கவும் அவரிடம் ஒரு கருவி இருந்தது. ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு குண்டு, பக்கத்தில் ஓர் அளவுகோல். நோயாளியின் நாடியோடு குண்டின் ஆட்டம் ஒத்துப்போகும்வரை கயிற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நாடி வேகமாக இருந்தால் கயிறு குட்டை, மெதுவாக இருந்தால் நீளம். விநாடி முள் பழக்கத்துக்கு வராத காலம் அது. அதனால் ‘நிமிடத்துக்கு எழுபத்திரண்டு’ என்று சொல்ல வழியில்லை. நேற்று கயிறு இவ்வளவு நீளம், இன்று இவ்வளவு என்று மட்டுமே சொல்ல முடியும். அதாவது ஒருவரை அவரோடேயே ஒப்பிடலாம். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

நாடி பார்ப்பதற்கு எண் தேவை என்று நம் வைத்தியர்கள் நினைக்கவில்லை. சித்த மருத்துவத்தில் ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம். ஒவ்வொன்றின் நடையும் ஒரு விலங்கின் நடை. வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல. ஐயம் பாம்பு, தவளை போல. மூன்றுக்கும் ஒன்று, அரை, கால் என்று மாத்திரைக் கணக்கும் உண்டு. மாத்திரை என்பது தொல்காப்பியம் கண்ணிமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் கொண்டு வரையறுத்த அதே கால அளவு. இன்று அந்தச் சொல் நமக்கு வெள்ளை வில்லையாகிவிட்டது.

இந்த முறை எவ்வளவு சரி என்பது என் பேச்சு இல்லை. அதில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒருவர் கையை நீட்டுவார், இன்னொருவர் பிடிப்பார். நாடி என்ன சொன்னது என்பது பிடித்தவர் வாயிலிருந்துதான் வரும். நாடியை மட்டுமில்லாமல் நாக்கு, கண், குரல், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அவர் வாய் திறப்பார்.

விரலுக்கும் நாடிக்கும் நடுவே கடிகாரத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஃபிளாயர். இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரின் மருத்துவர். தானே ஆஸ்துமா நோயாளி. 1707இல் நாடிக் கடிகாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சாமுவேல் வாட்சன் என்ற கடிகாரக்காரர் அவருக்காகச் சரியாக ஒரு நிமிடம் ஓடும் கருவியைச் செய்து கொடுத்தார். ஃபிளாயர் சீன நாடி சாஸ்திரத்தை மதித்தவர். ஐரோப்பிய அறிவையும் அதையும் ஒன்றாக்க விரும்பியே எழுதினார். ஆனால் காலப்போக்கில் நின்றது எண் மட்டும். அன்னமும் ஆமையும் போய்விட்டன. எண்ணுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அதை எழுதி வைக்கலாம், இன்னொருவரிடம் கொடுக்கலாம், பிடித்தவர் இறந்த பிறகும் அது இருக்கும்.

*

காலடியை எண்ணிய கதை இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத திபெத்தை அளக்க, இந்திய நில அளவைத் துறை மலைநாட்டு இந்தியர்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பியது. சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் 1802இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய அதே பெரிய முக்கோண அளவைதான் இமயத்துக்குப் போய் இந்த வேலையில் இறங்கியது. அந்த ஆட்களில் தலைசிறந்தவர் குமாவோன் பகுதியைச் சேர்ந்த நயின் சிங் ராவத். ஏற்றமோ இறக்கமோ, ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாக வைக்கப் பழகியவர். கையில் பௌத்த யாத்ரீகரின் ஜெபமாலை. வழக்கமான மாலையில் 108 மணி இருக்கும், இவருடையதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி, ஏறக்குறைய ஐந்து மைல். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சீட்டுக்குப் பதில் குறிப்புச் சீட்டு. இப்படி 1866 ஜனவரியில் லாசாவை எட்டினார்.

பத்தாயிரம்! இந்த எண் நூறு வருஷம் கழித்து இன்னொரு இடத்தில் முளைத்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் தற்செயல் அழகாயிருக்கிறது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தது. அடுத்த வருஷம் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ‘மன்போ-கெய்’. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் மானி. ‘பத்தாயிரம் அடி மானி’. பத்தாயிரம் நடந்தால்தான் ஆரோக்கியம் என்று ஒரு பெரிய ஆய்வு சொல்லி அதன்பின் வந்த பெயரில்லை இது. நினைவில் நிற்கும் முழு எண், விற்கத் தோதான எண். அது அந்தக் கருவியிலிருந்து கிளம்பி உலகம் முழுக்க மணிக்கட்டுகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐ-மின் லீ என்ற ஹார்வர்டு ஆய்வாளர் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டியவர்களில் ஒருவர். அவர் குழு 2019இல் 16,741 மூத்த பெண்களின் நடையை ஆராய்ந்து வெளியிட்டது. சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. அடி கூடக் கூட இன்னும் குறைந்தது, ஆனால் 7,500 வாக்கில் சமன்பட்டுவிட்டது. அந்த வயதில் 4,500 நடந்துவிட்டு, ‘இன்னும் பாதிகூட ஆகல’ என்று சோர்ந்து உட்கார்ந்த பெண்கள் எத்தனை பேரோ! ஏற்கெனவே தேறிவிட்ட பரீட்சையில் தோற்றதாக நினைத்துக்கொண்டவர்கள்.

*

இதயத்தை வீதிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற ஊர்க்காரரான நார்மன் ஹோல்டர். ஆஸ்பத்திரி மேசையில் அசையாமல் படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி, மாடி ஏறும் இதயத்தைப் பற்றி என்ன சொல்லும் என்பது அவர் கேள்வி. 1940களின் பிற்பகுதியில் அவர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது; எடை 38 கிலோ. அதைக் கட்டிக்கொண்டு அவரே நிலைசைக்கிள் மிதிக்கும் புகைப்படம் உண்டு. மெல்ல மெல்லச் சுருங்கி அது ‘ஹோல்டர் மானிட்டர்’ ஆனது. நம்மூர் இதய மருத்துவர்களும் ‘ஒருநாள் ஹோல்டர் போட்டுப் பார்ப்போம்’ என்கிறார்களே, அந்த ஹோல்டர் ஒரு மனிதர். ஃபின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை விற்றது, பனிச்சறுக்கு வீரர்களுக்காக.

இந்த வரிசையில் நம் ஊர்க் கருவி ஒன்றையும் சேர்க்க ஆசை. ரயில் நிலையத்து எடை பார்க்கும் மெஷின். கலர் விளக்குகள் சுழலும், ஏறி நின்று காசு போட்டால் டொக்கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். ‘உங்கள் நல்ல குணத்தால் முன்னேறுவீர்கள்’ என்கிற மாதிரி. 43 கிலோ என்பதும் முன்னேறுவீர்கள் என்பதும் ஒரே அட்டையில், ஒரே அச்சில், ஒரே தோரணையில் வரும். எது அளவு, எது ஆரூடம் என்று நமக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொள்வோம்.

இன்றைய கைப்பட்டையும் அளவையும் ஆரூடத்தையும் சேர்த்துத்தான் தருகிறது. ஆனால் எது எது என்று சொல்வதில்லை. அதன் அடியில் மின்னும் பச்சை விளக்கைப் பாருங்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதை எண்ணினால் நாடி. இது அளவு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் நம்பலாம். ஆனால் ‘ஆழ்ந்த உறக்கம் 47 நிமிடம்’ என்பது வேறு ஜாதி. உறக்கத்தின் நிலைகளை ஆய்வகத்தில் மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் ஆகியவற்றை வைத்துப் பார்க்கிறார்கள். கைப்பட்டைக்கு மூளை எட்டாது. கை அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. காலையில் ‘இன்று உங்கள் தயார்நிலை 61’ என்று வருவதோ ஊகங்களின் மேல் கட்டிய ஊகம். அட்டையின் பின்பக்கம். அதை நாம் முன்பக்கமாக வாசிக்கிறோம்.

*

இதெல்லாம் மனசை என்ன செய்கிறது?

நல்லதிலிருந்து தொடங்குவோம். 2022இல் ‘லான்செட் டிஜிட்டல் ஹெல்த்’ இதழில் ஆய்வுகளின் ஆய்வு ஒன்று வந்தது. 39 தொகுப்பாய்வுகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். கருவி அணிந்தவர்கள் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடந்தார்கள், எடை சுமார் ஒரு கிலோ குறைந்தது. சின்ன லாபம்தான், ஆனால் லாபம். மறுபக்கம், 2016இல் அமெரிக்காவில் 471 இளம் வயதினரை இரண்டு வருஷம் தொடர்ந்த சோதனையில் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாமல் வழக்கமான ஆலோசனை பெற்றவர்கள் 5.9 கிலோ. அதே வருஷம் சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த சோதனையில், ஒரு வருஷ முடிவில் பத்தில் ஒருவர்தான் பட்டையை இன்னும் அணிந்திருந்தார்.

ஜோர்டான் எட்கின் என்ற ஆய்வாளர் 2016இல் வேறு கோணத்தில் பார்த்தார். நடப்பது, படத்துக்கு வண்ணம் தீட்டுவது போன்ற இன்பமான காரியங்களை எண்ண வைத்தார். எண்ணியவர்கள் அதிகம் செய்தார்கள். ஆனால் அனுபவித்தது குறைந்தது. விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது.

உறக்கத்தில்தான் இது உச்சம். 2017இல் கெல்லி பேரன் என்ற உளவியலாளரும் சகாக்களும் கருவியின் உறக்க எண்ணை நேராக்கும் கவலையிலேயே உறக்கம் கெட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். அதற்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஆய்வகத்தில் படுத்து, நன்றாகத்தான் தூங்குகிறீர்கள் என்று முடிவு வந்த பிறகும், அப்படியானால் என் பட்டை ஏன் வேறு சொல்கிறது என்று கேட்டார். 2014இல் வந்த இன்னொரு சோதனையில், நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று பொய்யாகச் சொல்லப்பட்டவர்கள் மனத்திறன் தேர்வுகளில் மோசமாகச் செய்தார்கள். அட்டையின் பின்பக்கம் பலித்துவிட்டது!

*

என் வீட்டுக்கு வருகிறேன். அண்ணனுக்கு 63 வயது, திருநெல்வேலியில் இருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகள் இரண்டு வருஷம் முன்பு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். மூன்றாவது மாதம் அது இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது என்றது. அண்ணனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் இசிஜி எடுத்தார், ஹோல்டர் போட்டார். வாட்ச் சொன்னது உண்மை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்துக்கு வழி வைக்கக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள். மகள் போனில் அழுதாள், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அந்த வாட்சிலேயே விரல் வைத்து இசிஜி எடுக்கலாம். முதலில் நாளைக்கு ஒருமுறை, பிறகு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், பிறகு நடு ராத்திரி மூன்று மணிக்கு. படபடப்பு வந்ததால் எடுப்பாரா, எடுத்ததால் படபடப்பு வந்ததா என்று சொல்ல முடியாத நிலை. நான் போயிருந்தபோது மதினி அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னார்: “எந்திரிச்சதும் இப்ப என் மொகத்தப் பாக்கறதில்ல தம்பி. கையத்தான் பாக்காரு. அது நல்லாருக்குன்னு சொன்னாத்தான் அன்னைக்கு நல்லாருப்பாரு.”

அண்ணன் தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் இதே நோயுள்ள எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் ஒரே வருஷத்தில் 916 முறை வாட்சில் இசிஜி எடுத்ததை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2024இல் 172 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கருவி அணிந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எச்சரிக்கை வரும்போது கடும் அச்சம் எழுந்தது. அந்த வாட்சை ‘வேண்டாம்’ என்று கழற்றவும் முடியாது. உயிரைக் காத்ததும் அதுதான்.

ஆகவே கேள்வி கருவி நல்லதா கெட்டதா என்பதில்லை. 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரே ஓர் ஆக்சிமீட்டர் நான்கு வீடுகளுக்குச் சுற்றியது. விரலில் மாட்டும்போது எல்லோருக்கும் பயம்தான். ஆனால் அது இன்னொரு வகைப் பயம். 94க்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. எண்ணுக்கு மறுமுனையில் ஒரு காரியம் இருந்தது, போன் எடுக்க யாரோ ஒருவர் இருந்தார். அந்தக் கருவியும் குறையற்றதில்லை; கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் குறைவை அது தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் போன்ற தோல்காரர்கள் மறக்கக்கூடாத செய்தி. ஆனாலும் அந்த மாதங்களில் அது பலரைக் காப்பாற்றியது.

சாந்தோரியோவிலிருந்து ஹோல்டர் வரைக்கும் கருவி ஒரு பக்கம், அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒரு பக்கம். நோயாளிக்கு எண் வருமுன் அது ஒரு மனிதரைக் கடந்து வந்தது. 2009இல் முதல் ஃபிட்பிட்டும் 2015இல் ஆப்பிள் வாட்சும் வந்தபின் அந்த நடு ஆள் இல்லை. நானூறு வருஷத்தில் இதுதான் உண்மையான மாற்றம் என்று நினைக்கிறேன். கருவி சிறுத்தது அல்ல. நடு ஆள் போன இடமும் சும்மா இல்லை. 2018இல் ஜான் ஹேன்காக் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் தன் ஆயுள் பாலிசிகள் அனைத்தையும் இப்படிப்பட்ட கண்காணிப்புத் திட்டத்தோடு இணைப்பதாக அறிவித்தது. எண்ணைப் பார்க்க இப்போதும் ஒருவர் இருக்கிறார். அவர் நம் நாக்கைப் பார்க்கமாட்டார், பிரீமியத்தைப் பார்ப்பார்.

அண்ணனின் டாக்டர் ஒரு காரியம் செய்தார். திட்டவில்லை, கழற்றச் சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தடவ எடுத்து எனக்கு அனுப்புங்க. நான் பார்த்துக்கறேன். நடுவுல நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா, மயக்கம் வந்தா, கை கால் வாய் கோணினா உடனே வாங்க. அதுக்கு வாட்ச்சக் கேக்க வேணாம்” என்றார். உறக்கக் கணக்கையும் தயார்நிலைக் கணக்கையும் அவர் மகள் அங்கிருந்தே அணைத்து வைத்தாள். எச்சரிக்கை மட்டும் இருக்கிறது. எண்ணுக்கு மறுபடி ஒரு நடு ஆள் கிடைத்தார். ஞாயிறு அனுப்பியதைப் போன ஞாயிறோடு ஒப்பிடுகிறார் டாக்டர். சாந்தோரியோவின் கயிறு மாதிரி, அவரை அவரோடே. மூன்று மணி விழிப்பு முழுக்கப் போய்விடவில்லை. குறைந்திருக்கிறது.

போன வாரம் மகள் என்னைக் கேட்டாள்: “சித்தப்பா, அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கட்டுமா?” வாங்கு என்றேன். வாங்குவதற்கு முன் மூன்று விஷயத்தை உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளச் சொன்னேன். எந்த எண்ணைப் பார்க்கப் போகிறார். எத்தனை நாளுக்கு ஒருமுறை. எவ்வளவுக்குப் போனால் யாரைக் கூப்பிட வேண்டும். மூன்றாவதற்குப் பதில் இல்லாத எண் எதுவோ, அதைத் திரையிலேயே வைக்காதே என்றேன். சரி என்றாள். அம்மாவிடம் கேட்டாயா என்றேன்.

இன்னும் கேட்கவில்லையாம்.